ஜெயவேலு பேசி முடித்த விலை

ஜெயவேலுவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஆள் ஏதோ பெரிய மோட்டார் மன்னன் என்று நினைத்துக்கொள்வீர்கள். சைக்கிளைத் தாண்டி வேறெதன் ஹேண்டில்பாரையும் அந்த மனிதர் பிடித்ததில்லை. ஆனால் பீர்க்கன்கரணையிலிருந்து ஊரப்பாக்கம் வரை எவன் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், அவனோடு கிளம்பித் தாம்பரத்துக்கு வருவது ஜெயவேலுதான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உள்ளே வருவார்.

நான் லாசரஸ். எண்பத்தாறிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் ஜவுளிக் கடை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த வேட்டி தெரிந்தாலே அன்றைய கமிஷன் போச்சு என்று அர்த்தம்.

ஜெயவேலுவின் பரம்பரைக்குப் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி நிலம் இருந்தது. அதைப் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அந்தக் காசில் பெருங்களத்தூரில் ஒரு தீவனக் கடை வைத்திருந்தார். புண்ணாக்கும் தவிடும் விற்கிற கடை. அதில் வருமானத்துக்குக் குறைவில்லை. பேரம் பேசப் போவதற்கு அவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு பிரியாணி, ஒரு பீடா. அதற்கு மேல் அவருக்கு வேண்டியது, "ஜெயவேலு வந்தாரு, கொறஞ்சிது" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் எதையும் செய்வார்.

அவர் வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வண்டியில் குறை கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாது, இன்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் குறை கண்டுபிடிப்பது ஆளிடம். எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கே வலிக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் குழந்தை இல்லை. அது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. "இன்னாடா லாசரு, யாருக்குடா சேத்து வெக்கப் போற? நீ கமிஷன் எடுத்து இன்னா பண்ணப் போற? சாரி கார்டும் சீட் கவரும் சும்மா போட்டுக் குடு" என்றார், பத்துப் பேர் எதிரில். நான் போட்டுக் கொடுத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது, அதனால் போட்டுக் கொடுத்தேன்.

முனியம்மா என்று ஒரு பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புருஷன் விபத்தில் போன துக்கம் ஆறுவதற்குள் அவன் வண்டியை விற்க, பழைய வண்டிகள் கைமாறுகிற எங்கள் கடை வாசலுக்கு வந்தாள். வாங்க வந்தவனோடு ஜெயவேலு வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொஞ்சம் நடக்கவிடு என்றார். நடக்கவிடுவது என்றால், இன்ஜினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது. அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தரையோடு தரையாகப் பார்த்து, சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வண்டியெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா முழுங்கின வண்டியாச்சே தாயி, வூட்டுக்காரனையே முழுங்கிடுச்சே" என்றார். அந்தப் பெண் அப்புறம் விலை பேசவே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள். அடிமாட்டு விலை. அன்றைக்கு ஜெயவேலு சாப்பிட்ட பிரியாணி எப்படித்தான் ஜீரணமாயிற்றோ.

இந்த மனுஷனுக்கு ஒரே பெண், ரமா. அம்மா தையல்நாயகியின் சாயல். நிதானமான பேச்சு, பெரிய கண்கள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் குறை அவளிடம் இல்லை. மூன்று நல்ல இடங்களை அவள் அப்பா பேசிப் பேசியே துரத்தியிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் நகையில் நாலு சவரன் குறைக்கச் சொல்வார், குறைத்தால் மண்டபச் செலவில் பாதி கேட்பார், அதையும் ஒத்துக்கொண்டால் மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை என்பார். வந்தவன் பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். "போனா போறான், நாளைக்கு வருவான்" என்பார் ஜெயவேலு. எவனும் வரவில்லை.

நாலாவதாக வந்தவன்தான் தயாளன். அனகாபுத்தூர்க்காரன், சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மா தாயாரம்மாள் மட்டும்தான். ரமாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இந்தத் தடவை கெடுத்தால் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று தையல்நாயகி புருஷனிடம் சொல்லி, பெண் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள், பேரம் பேச மாட்டேன் என்று. ஜெயவேலுவும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நகை, பாத்திரம் எல்லாம் அவர்கள் கேட்டபடியே முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் என்றார்கள், அதற்கும் தலையாட்டினார். நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது.

ஆனால் உடம்போடு பிறந்தது எங்கே போகும்? எங்கள் கடையில் அப்போதுதான் எக்ஸ்சேஞ்ச் வந்திருந்தது. பழைய வண்டியைக் கொடுத்தால் அதற்கொரு விலை போட்டுப் புது வண்டி விலையில் கழித்துவிடுவோம். தயாளனிடம் ஒரு பழைய யெஸ்டி இருந்தது. "எப்படியும் புதுசு வருது, பழசு எதுக்கு மாப்ளே வூட்ல தூங்கணும்? எடுத்தாங்க, கழிச்சிக்கலாம்" என்றார் ஜெயவேலு. மாப்பிள்ளை வண்டியைக் கொடுத்து மாப்பிள்ளைக்கே வண்டி வாங்கித் தருகிற கணக்கு. கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் மலைப்பாக இருந்தது. தயாளன் நல்ல பையன், சரி மாமா என்றுவிட்டான்.

தொண்ணூற்று நாலு, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தையல்நாயகி தவிர எல்லோருமே வந்திருந்தார்கள். கலர் பார்க்க ரமாவும் வந்திருந்தாள். சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட வண்டி ஒன்றின் பக்கத்தில் இரண்டு பேரும் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல, அவள் டேங்க்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பழைய வண்டிகளுக்கு விலை போடுவது எங்கள் மெக்கானிக் ஏகநாதன். அவன் யெஸ்டியைப் பார்த்துவிட்டு வந்து, "முன்பக்க ஃபோர்க் மாத்தியிருக்கு. அடிபட்ட வண்டி" என்று சொல்லி ஒரு விலை சொன்னான். குறைச்சலான விலைதான். எக்ஸ்சேஞ்சில் கடைக்காரன் பிழைப்பதே அதில்தான்.

ஜெயவேலுவுக்கு வந்ததே கோபம். "அடிபட்ட வண்டியா? யாரு வண்டியப் பாத்து இன்னா வார்த்த சொல்ற? என் மாப்ள கொழந்த மாதிரி வெச்சிகினு இருந்த வண்டிடா அது! ஒரு கோடு கீதா பாரு!"

"ஃபோர்க் மாத்தியிருக்கு சார். அடிபடாம எதுக்கு மாத்துவாங்க?"

"ஆசைக்கு மாத்துவான், அளவுக்கு மாத்துவான், உனக்கு இன்னாடா?"

இரண்டு பேர் குரலும் ஏறிக்கொண்டே போனது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அடிபட்ட வண்டி, அடிபட்ட வண்டி என்று ஏகநாதன் அதையே திருப்பித் திருப்பிச் சொல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாயாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தன் பிள்ளையின் வண்டியை நாலு பேர் எதிரில் மட்டம் தட்டுகிறானே என்ற ரோஷம். எழுந்து வந்துவிட்டாள்.

"ஏம்பா, சும்மா சும்மா அதையே சொல்ற? அடிபட்டது ஒரே ஒரு தடவ. அதுலயும் வண்டிக்கு ஒண்ணுமே ஆவல. எல்லா அடியும் எம்புள்ள மேலதான் பட்டுது! தொடை எலும்பு ரெண்டா போயி, ராடு வெச்சி, ஆறு மாசம் படுக்கையில கெடந்தான். வண்டி அப்படியே முழுசா நின்னுச்சுப்பா!"

வண்டியின் விலையை ஏற்றிவிட்டதாகத்தான் அந்த அம்மாள் நினைத்தாள். முகத்தில் ஒரு வெற்றி கூட இருந்தது. அதற்கப்புறம்தான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயவேலு ஏகநாதனை விட்டுவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தாயாரம்மாளைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். எட்டு வருஷமாக என் மேஜைக்கு எதிரில் பார்த்த முகம். ஆண்டவரே, வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"எந்தக் கால் சம்பந்தி?"

"இப்ப ஒண்ணும் இல்லீங்க. நல்லா ஆயிட்டான்."

"எந்தக் கால்னு கேட்டேன்."

"வலது."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலையே சம்பந்தி."

"கேக்கலியா!" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஒரு பழைய வண்டிக்கே அடிபட்டுதா, இன்னா மாத்தினேன்னு நோண்டி நோண்டிக் கேக்கறான் இவன். நான் பொண்ணக் குடுக்கறவன். உள்ள கம்பி கீதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

ரமா ஓடி வந்தாள். "அப்பா, எனக்குத் தெரியும்பா. அவரே சொல்லிட்டாரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"நீ சும்மா இரு. பேசிகினு இருக்கும்போது நடுவுல வந்து புட்சிருக்குன்ற மாதிரி மூஞ்சக் காட்டாதே. ரேட்டு ஏறிடும்" என்றார் அவள் அப்பா.

நான் கதை கட்டவில்லை. இந்தக் காதால் கேட்டேன்.

பிறகு தயாளன் பக்கம் திரும்பினார். "மாப்ளே, கொஞ்சம் நடங்க."

"மாமா..."

"நடங்க மாப்ளே. பொண்ணு குடுக்கறேன், பாக்கக் கூடாதா? அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வாங்க."

கடையில் அன்றைக்குப் புது வண்டி எடுத்தவர்கள் வீட்டுக் கும்பல் ஒன்று இருந்தது. வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, லட்டு விநியோகம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தயாளன் அம்மாவைப் பார்த்தான். பத்திரிகை அச்சாகிவிட்டது. கல்யாணம் நின்றால், கம்பி வைத்த காலை மறைத்தார்கள் என்று அனகாபுத்தூர் முழுக்கப் பேசும். அந்த அம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் நடந்தான்.

நேராக நடக்க அவன் பட்ட பாடு! சாதாரணமாக நடந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் அந்த வலது கால் தரையைத் தேடித் தேடி வைத்தது. ஜெயவேலு சும்மா பார்க்கவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தரையோடு தரையாகப் பார்த்தார். "லேசா இழுக்குது" என்றார். "திரும்பி வாங்க மாப்ளே. ம்... இழுக்குது." லட்டு வைத்திருந்தவர்களில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது, போகவும் முடியவில்லை.

அப்புறம் நடந்த பேச்சு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. புது வண்டி இல்லை. யெஸ்டியே போதும், வேண்டுமானால் இரண்டு டயர் மாற்றித் தருகிறேன் என்றார் ஜெயவேலு. "அந்தக் கால வெச்சிகினு புது வண்டி எடுத்து மறுபடி எங்கயாவது வுட்டுக்கினா, தாலி அறுக்கறது என் பொண்ணு." தாயாரம்மாள் அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றாள். தயாளன் போய் யெஸ்டியின் சாவியை ஏகநாதனிடமிருந்து வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது, "சரி மாமா" என்றான், ரொம்பச் சாதாரணமாக. அந்த சரி எனக்குப் பிடிக்கவில்லை. ரமா சிவப்பு வண்டியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவன் அவளைத் தாண்டித்தான் போனான், பார்க்காமல் போனான்.

ஜெயவேலு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "லாசரு, ஒரு முழு வண்டி மிச்சம்டா! நீ பாத்திருக்கியா இந்த மாதிரி?"

பார்த்ததில்லை. பெருங்களத்தூர் மார்க்கெட் முழுக்க ஒரு மாதம் இதே கதைதான் ஓடியது. தீவனக் கடை வாசலில் நின்று அந்த நடையைக் கூட நடந்து காட்டினாராம், வலது காலை இழுத்து இழுத்து. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். சொந்த மாப்பிள்ளை. இதைப் பார்க்க எப்படித்தான் ஜனங்களுக்கு மனசு வருகிறதோ தெரியவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை, மொய் மட்டும் கொடுத்தனுப்பினேன்.

ஆடிக்குப் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள், ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து அழைத்துக்கொண்டு போவான். ரமா ஆடிக்கு வந்தாள். ஆவணி பிறந்து, பிள்ளையார் சதுர்த்தியும் போய்விட்டது. தயாளன் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் தையல்நாயகி தனியாகக் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அன்னிக்கி ரமா பாத்துதே, செவப்பு வண்டி, அது கீதா?"

"வேற வந்திருக்குக்கா. அதே மாடல்தான். என்னக்கா விஷயம்?"

சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தி எத்தனை நல்ல மாதிரியாக இருந்த பையன்! காலைப் பற்றித் தானே வாய்விட்டுச் சொன்னவன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நினைச்சிக்க மாட்டேன் என்று ரமாவிடம் சொன்னவன். இப்போது ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்காருவானாம். "ரமா, கொஞ்சம் நட" என்பானாம். சுவரிலிருந்து சுவர் வரை நடக்க வேண்டும், திரும்ப வேண்டும். அவனால் குத்துக்கால் போட முடியாதல்லவா, நாற்காலியிலிருந்து குனிந்து பார்ப்பானாம். சொந்தக்காரர்கள் வந்திருந்தால் அவர்கள் எதிரில். அவன் கம்பெனி ஆட்கள் வந்தால் அவர்கள் எதிரிலும். அழுதால் இன்னொரு தடவை நடக்க வேண்டும்.

"அடிக்கிறானாக்கா?"

"அடிச்சாத்தான் ஊரு கேக்குமே தம்பி. ஒரு விரல் படல. நடக்க வெக்கறான்."

திரும்ப அனுப்பாதீங்க என்றேன். "நானும் அதான் சொன்னேன். அவதான் போறேன்றா. அன்னிக்கு நல்லவராத்தாம்மா இருந்தாரு, வண்டி வந்தா மனசு மாறிடும்மான்னு சொல்லிகினே கீறா" என்றாள் தையல்நாயகி. சொல்லிவிட்டு, அந்த மனுஷன் கட்டையில போக, என்று புருஷனைச் சபித்தாள். நானும் மனசுக்குள் ஆமென் போட்டேன்.

மறுநாள் ஜெயவேலு வந்தார். வெற்றிலை இல்லை. எதிரில் உட்கார்ந்து, "லாசரு, அந்தச் செவப்பு வண்டிக்கு பில் போடு" என்றார். விலை கேட்கவில்லை. சாரி கார்டு கேட்கவில்லை. நான் சொன்ன தொகையை மடியிலிருந்து எடுத்து வைத்தார். அத்தனை வருஷமாக இந்த ஒரு நாளுக்குத்தானே காத்திருந்தேன்? முழு விலைக்கு ஜெயவேலுவுக்கு ஒரு வண்டி விற்றுவிட வேண்டும் என்று. வந்தபோது சப்பென்று இருந்தது. நானே சாரி கார்டைச் சும்மா மாட்டச் சொன்னேன்.

வண்டியை அனகாபுத்தூருக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அவருக்குத்தான் ஓட்டத் தெரியாதே. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பல்லாவரம் தாண்டியதும் அவரே, "பேச மாட்டேன் லாசரு. குடுத்துட்டு, பொண்ண வுட்டுட்டு, கைய எடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருவேன்" என்றார். நம்பினேன்.

அனகாபுத்தூரில் அந்தத் தெரு இரண்டு ஆள் நெஞ்சு இடிக்காமல் போக முடியாத சந்து. உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரமா பஸ்ஸில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, வீட்டு வாசலுக்கு எதிரில் துணிப்பையோடு நின்றிருந்தாள். உள்ளே போகச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் ஸ்டாண்டு போட்டேன். தயாளன் வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் கதவோரம் தாயாரம்மாள் நின்றாள். எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

"மாப்ளே, புது வண்டி" என்றார் ஜெயவேலு.

தயாளன் அவசரப்படவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரைக் காலால் அழுத்திப் பார்த்தான், இடது காலால். "கொஞ்சம் நடக்கவிடுங்க" என்றான் என்னிடம். நான் தள்ளிக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தறிச் சத்தம் ஒன்றிரண்டு நின்றது.

"தையில குடுத்திருந்தா இது புது வண்டி மாமா. இப்ப புது மாடல் வரப்போவுதுன்னு சொல்றாங்க. இது இப்பவே பழசு" என்றான்.

ஜெயவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி, ஆசையா எடுத்தாந்துட்டீங்க. இந்த வண்டிக்கு உங்க பொண்ண ஒரு வருஷம் வெச்சிக்கலாம். அப்புறம் எடுத்துக்கினு போயிடுங்க."

தெருவே கேட்டது. ரமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜெயவேலுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றி அடிக்கலாம். காலில் விழலாம். பெண்ணின் கையைப் பிடித்து, வாடி கண்ணு வூட்டுக்குப் போவலாம் என்று இழுத்துக்கொண்டு போகலாம். அப்பன் என்று ஒருவன் அந்த இடத்தில் செய்வதற்கு இத்தனை இருந்தது.

ஜெயவேலுவின் தலை லேசாகச் சாய்ந்தது. கண் சுருங்கியது. அட பாவி, அந்த முகம்! என் மேஜைக்கு எதிரில் வருகிற அதே முகம்.

"ஒரு வருஷம்னா கட்டாது மாப்ளே" என்றார். "ரெண்டாப் போட்டுக் குடுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை உயர்த்தினார், சொன்னதைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்பதுபோல. தயாளன் சிரித்தான். சத்தம் போட்டே சிரித்தான்.

"சரி மாமா. உங்க மூஞ்சிக்காக ஒன்றரை."

என் பக்கம் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பில் அவன் பேரில் போட்டாகிவிட்டது.

ரமா பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. படியேறும்போது அவள் அப்பா, "கண்ணு..." என்றார். நின்று அவரைப் பார்த்தாள்.

"அம்மா கேட்டா, ஒன்றரைக்குப் போச்சுன்னு சொல்லிடுப்பா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஜெயவேலு தலையாட்டினார், சொல்லிவிடுகிறேன் என்பதுபோல.